வாக்குமூலம் தராத ஜீப்

அந்த ஸ்டேஷனில் பழுது என்று ஒன்று கிடையாது. பழுதாக்கியவன் என்று ஒருவன்தான் உண்டு. கூரை ஒழுகினால் ஒழுகவிட்டவனைத் தேடுவார்கள். சுவர்க் கடிகாரம் நின்றால் நிறுத்தியவனைத் தேடுவார்கள். தேடினால் எப்படியும் ஒருவன் கிடைத்துவிடுவான். கிடைத்தவன் ஒப்புக்கொண்டும் விடுவான். பின்கட்டு அறைக்குள் போய் ஒப்புக்கொள்ளாமல் வெளியே வந்தவர் யாரும் இல்லை என்பதில் இன்ஸ்பெக்டருக்குத் தனிப் பெருமை. கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது, கடிகாரம் இன்னும் ஓடவில்லை என்பதெல்லாம் வேறு இலாகா.

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஜீப் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

டிரைவர் வேலைக்குச் சேரும் முன்பே கிழடு தட்டிப்போன பெட்ரோல் ஜீப் அது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று எஞ்சின் அணையும், முன்விளக்கு மங்கும், ஹாரனை அமுக்கினால் தொண்டை கட்டிய பூனை மாதிரி ஒரு சத்தம் வரும். சற்று நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். டிரைவர் பிளக்கைத் துடைத்தார், பியூஸை மாற்றினார், பேட்டரி முனையைச் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு நாள் பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். அவர் கண் முன்னால் ஒரு திருடனை ஏற்றிக்கொண்டு கம்பீரமாக வாசலில் நுழைய வேண்டும் என்று ஏற்பாடு. வாசலில் நுழையும்போதே வண்டி நின்றது. கடைசியில் அந்தத் திருடனையே இறக்கிவிட்டுத் தள்ளச் சொன்னார்கள். பாவம், நன்றாகத்தான் தள்ளினான்.

"உங்க வண்டியையே உங்களால அடக்க முடியலையே, ஊரை எப்படிய்யா அடக்குவீங்க?" என்று கேட்டுவிட்டுப் பெரிய அதிகாரி போய்விட்டார். அன்று சாயங்காலமே வழக்குப் பதிவானது.

"டிரைவர், இது தானா நடக்கிற காரியமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வயசான வண்டிங்கய்யா. ஒயரிங்ல எங்கயாவது..."

"வயசானா? எங்க மாமனாருக்கும்தான் வயசாச்சு. அவரு என்ன, நடுரோட்டுல நின்னுகிட்டு நகர மாட்டேன்னு அடம் பிடிக்கிறாரா?"

டிரைவர் அந்த மாமனாரைப் பார்த்திருக்கிறார். பிடிப்பார்தான். ஆனாலும் "இல்லைங்கய்யா" என்றார். அவருடைய பேச்சில் பாதி 'ஐயா'வும் மீதி 'இல்லைங்கய்யா'வுமாகப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

"இலாகா பட்டறைக்கு அனுப்பினா பாத்துத் தருவாங்கய்யா."

"பட்டறைக்கு அனுப்பினா அவங்க ரிப்பேர் பண்ணிடுவாங்க. அப்புறம் குத்தவாளிய எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில் பேட்டரிக் கடைக்காரரைத் தூக்கினார்கள். ஜீப்பின் பின்பக்கம், உட்காரும் பெஞ்சுக்கு அடியில் பேட்டரிப் பெட்டி. அதை ஒட்டித் தரையில் ஒரு இரும்பு வளையம். ஒரு தடவை ஒரு ஜேப்படிக்காரன் ஓடும் வண்டியிலிருந்து குதித்துத் தப்பியதால் விலங்கை மாட்டுவதற்காக ஏட்டு தன் கையாலேயே பொருத்திய வளையம் அது. தரையில் புதிதாக ஓட்டை போடுவானேன் என்று, அங்கே ஏற்கெனவே எதற்கோ இருந்த ஒரு போல்ட்டைக் கழற்றி அதோடு வளையத்தையும் சேர்த்து முடுக்கிவிட்டார். அதற்காக இன்ஸ்பெக்டர் அவரை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார்.

பேட்டரிக் கடைக்காரரை அந்த வளையத்தில் மாட்டினார்கள். ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை நேரத்தை வீணாக்குவதில் ஏட்டுக்கு இஷ்டமில்லை. வண்டியிலேயே விசாரணையைத் தொடங்கிவிட்டார். லத்தி முழங்காலில் விழுந்தது. கடைக்காரர் அலறிக்கொண்டு சங்கிலியோடு துள்ளினார். இரண்டாவது அடி தோளில். மூன்றாவது அடியில் வாயிலிருந்து ரத்தம் வந்தது. கடைத்தெரு முனை திரும்புவதற்குள் எஞ்சின் அணைந்தது.

இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா? இவன் ஏறினதும் நின்னுடுச்சு. வண்டிக்கே தெரியுதுய்யா யாருன்னு!"

அதன் பிறகு ஜீப்புக்கு இரண்டு பதவி: பாதிக்கப்பட்டதும் அதுதான், அடையாளம் காட்டும் சாட்சியும் அதுதான். பெட்ரோல் போடுகிறவரை ஏற்றி அடித்தார்கள், நின்றது. ஸ்டேஷனுக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருந்தவரை ஏற்றி அடித்தார்கள், நின்றது. இன்ஸ்பெக்டரின் மனைவி மார்க்கெட்டுக்குப் போனபோதும், அந்த மாமனார் பல் பிடுங்கிக்கொள்ளப் போனபோதும் நிற்கவே இல்லை.

"குத்தமில்லாதவங்க ஏறினா நிக்காது. கோர்ட்டுல கூட இப்படி ஒரு நியாயம் கிடைக்காது" என்றார் இன்ஸ்பெக்டர். கொஞ்ச நாளில் மற்ற வழக்குகளுக்கும் சந்தேகப்பட்டவர்களை ஜீப்பில் ஏற்றிப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது.

நின்ற வண்டியைக் கிளப்பும் வித்தையையும் ஏட்டுதான் கண்டுபிடித்தார். ஒரு நாள் எரிச்சலில் பின்பெஞ்சை லத்தியால் ஓங்கி ஓங்கி அடித்தார். டிரைவர் சாவியைத் திருப்ப, எஞ்சின் உடனே கிளம்பியது. "மனுஷனோ மெஷினோ, எல்லாம் ஒரே வைத்தியம்தான்யா" என்று சிரித்தார். பெஞ்சுக்கும் தினமும் விழுந்தது.

வாக்குமூலங்கள் குவிந்தன. பேட்டரிக்காரர் பேட்டரியில் உப்புத் தண்ணீர் ஊற்றியதாகச் சொன்னார். பெட்ரோல்காரர் கார்புரேட்டரில் மண் போட்டதாகச் சொன்னார். உடனே கார்புரேட்டரைக் கழற்றிச் சாட்சிப் பொருளாகப் பூட்டி வைத்தார்கள். அது இல்லாமல் வண்டி நகராது என்று டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகு, அதை ஜாமீனில் எடுத்து மாட்டினார்கள். அடுத்துப் பிடித்துவந்த பஞ்சர் கடைக்காரருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கேட்கக் கேட்க அடி விழுந்தது. பாதம் இரண்டும் பிளந்துபோன நிலையில், "ஏ.சி.யைக் கெடுத்தது நான்தாங்க" என்று கதறினார்.

ஏட்டின் லத்தி பாதியில் நின்றது. அந்த ஜீப்புக்குக் கதவே கிடையாது; ஏ.சி. எங்கே இருக்கும்?

இன்ஸ்பெக்டர் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "அப்போ ஏ.சி. எங்கடா? எங்க கொண்டு போய் வித்தே?"

திருட்டும் சேர்ந்துகொண்டது. ஒரு காலத்தில் அந்த வண்டியில் ஜில்லென்று காற்று வந்தது தனக்கு நன்றாக ஞாபகம் இருப்பதாக ஏட்டு கையெழுத்துப் போட்டார். பஞ்சர்காரருக்கு அன்றிலிருந்து ஒரு காது கேட்கவில்லை.

டிரைவரின் அறை பின்கட்டுச் சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் விழும் ஒவ்வொரு அடியும் அவருடைய தட்டில் விழுவது போலக் கேட்கும். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார், இறங்காது. வண்டி ஒழுங்காக ஓடிவிட்டால் அடி நின்றுவிடும் என்று அந்த மனுஷன் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் அந்தத் தப்பைச் செய்தார். அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, வண்டி எலக்ட்ரீஷியன்.

"வேண்டாங்க. அந்த எடத்துக்கு அவன் வேண்டாம்" என்றாள் மனைவி.

"வண்டியத்தான பாக்கப் போறான்? அரை நாள் வேலை. நான் பக்கத்துலயே இருக்கேன்ல?"

"நீங்க பக்கத்துல இருந்து என்ன பண்ணுவீங்க?"

மறுநாள் காலையில் மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனார்.

மச்சினன் ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயரைக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். டேஷ்போர்டைப் பிரித்தான். பின்பக்கம் போவதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"என்ன, யாரு பண்ணதுன்னு தெரிஞ்சுதா?"

"யாரும் ஒண்ணும் பண்ணலை சார். எங்கயோ ஒயர் லூசா இருக்கு. குலுங்கறப்ப விட்டுப் போகுது. கொஞ்ச நேரம் குடுங்க, புடிச்சிடலாம்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவை வைத்தார்கள்.

"யாரும் பண்ணலையா?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "உள்ள இத்தனை பேரு ஒத்துக்கிட்டு உக்காந்திருக்கான். அப்போ அவன்லாம் பொய் சொல்றானா? நாங்க சும்மா புடிச்சுப் போட்டு அடிச்சோமா?"

"நான் அப்படிச் சொல்லலை சார்..."

"தம்பி, வண்டியப் பத்தி உனக்கு ரொம்பத் தெரியுமோ?"

"பதினஞ்சு வருஷமா இதுதான் சார் தொழில்."

"ஏட்டு, கேட்டீங்களா? இவ்வளவு தெரிஞ்சவனாலதான் இவ்வளவு பண்ண முடியும். மத்தவனுங்க எல்லாம் கூலி. தலைவன் இப்பத்தான் தானா வந்து சேர்ந்திருக்கான்."

டிரைவர் குறுக்கே போனார். "ஐயா, என் மச்சினன்ங்கய்யா. நான்தான் கூட்டிட்டு..." ஏட்டின் முழங்கை அவர் மூக்கில் பட்டது. அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது பின்கட்டுக் கதவு சாத்தியிருந்தது.

எலக்ட்ரீஷியனுக்கு எது முக்கியம் என்று ஏட்டுக்குத் தெரியும். முதலில் வலது கை விரல்களை மேஜை இழுப்பறையில் வைத்துச் சாத்தினார். அந்தச் சத்தத்தை டிரைவர் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டார். பிறகு மச்சினன் கத்தியதையும் கேட்டார். காதைப் பொத்திக்கொண்டார், பொத்தியும் கேட்டது. கையாலாகாத அந்த மனுஷன் தன் தொடையைத் தானே அடித்துக்கொண்டு அழுதார்.

மற்றவர்கள் எல்லாம் சீக்கிரமே எதையாவது ஒப்புக்கொண்டார்கள். மச்சினனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: வண்டியைப் பார்க்காமல் இன்னது பழுது என்று சொல்ல மாட்டான். "எதுன்னு பாக்காம எப்படி சார் சொல்றது?" என்று உதைபட்டு விலா உடைந்த பிறகும் அதையே சொன்னான். இடது கை விரல்களையும் நசுக்கிப் பார்த்தார்கள். கடைசியில் ஏட்டுக்குத்தான் தோள் வீங்கி எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மனைவி ஸ்டேஷன் வாசலுக்கு வந்து நின்றாள். டிரைவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். அவள் உதறினாள்.

"எனக்கு எந்தக் கதையும் வேண்டாம். என் தம்பி உசுரோட வீட்டுக்கு வரணும். வரலைன்னா நீங்களும் வராதீங்க."

இதற்கிடையில் பெரிய அதிகாரியிடமிருந்து தகவல் வந்தது. ஜீப் வழக்கைக் கண்டுபிடித்ததற்காக விழா, மேடை, பதக்கம் எல்லாம் தயார். அதற்குள் கோப்பை முடித்துவிட வேண்டும். இன்ஸ்பெக்டர் டிரைவரை அழைத்து, தோளில் கை போட்டு, தகப்பன் மாதிரி எடுத்துச் சொன்னார்.

"உன் வருத்தம் எனக்குப் புரியாம இல்ல. சொந்தக்காரன். ஆனா யோசிச்சுப் பாரு. ஒத்துக்காதவனை கோர்ட்டுக்குக் கொண்டு போனா எங்க மானம் போயிடும். தப்பி ஓடுறவன எங்கயும் கொண்டு போகவே வேண்டியதில்ல. சாயங்காலம் கல்குவாரிப் பக்கம் போறோம். நீ பாட்டுக்கு வண்டிய ஓட்டு. திரும்பிப் பாக்காத. அவ்வளவுதான் உன் வேலை."

மச்சினன் தப்பி ஓடியதும், எச்சரித்தும் நிற்காததும், தற்காப்புக்காகச் சுட்டதும் ஏற்கெனவே ஏட்டின் கையெழுத்தில் தயாராக இருந்தன. அவனால் நிற்கவே முடியாது, எப்படி ஓடுவான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாவியை வீசிவிட்டு ஓடிவிடலாமா என்று டிரைவர் நினைத்தார். ஓடினால் ஏட்டு ஓட்டுவார். அவ்வளவுதான் வித்தியாசம். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். மச்சினனைத் தூக்கிப் பின்னால் போட்டு வளையத்தில் விலங்கை மாட்டினார்கள். பெஞ்சில் உட்கார முடியாமல் அவன் தரையில் சரிந்தான்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஊருக்கும் குவாரிக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான பாலம். பாலத்தின் நட்டநடுவில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது, மச்சினனின் உடம்பு ஒரு பக்கமாகத் தூக்கி எறியப்பட்டது, எஞ்சின் அணைந்தது.

"இறங்கிப் பாருய்யா!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

டிரைவர் பின்பக்கம் வந்து ஸ்பேனர் பெட்டிக்காகப் பெஞ்சுக்கு அடியில் குனிந்தார். மச்சினனின் வீங்கிய முகம் அவர் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. அதை நேராகப் பார்க்க முடியாமல் டிரைவர் கண்ணைத் தாழ்த்தினார். அப்போதுதான் தெரிந்தது.

பேட்டரியிலிருந்து வரும் எர்த் ஒயர், வண்டியின் உடம்பைத் தொடவேண்டிய ஒயர், அந்த வளையத்து போல்ட்டுக்கு அடியில்தான் மாட்டியிருந்தது. போல்ட் தளர்ந்து ஆடியது. மச்சினன் கையைக் கொஞ்சம் அசைத்தான். சங்கிலி வளையத்தை இழுத்தது. ஒயரின் முனையில் சின்னதாக ஒரு பொறி தெறித்தது. டைனமோ தளர்ந்து, பேட்டரியை மட்டுமே நம்பி ஓடிய அந்தக் கிழட்டு வண்டிக்கு ஒயர் விட்டால் உயிர் விட்ட மாதிரி. இத்தனை நாள் மாட்டி அடித்த ஒவ்வொருவரும் துள்ளித் துள்ளி அந்த போல்ட்டைத்தான் தளர்த்தியிருக்கிறார்கள். பெஞ்சில் விழுந்த லத்தியடி ஒயரை மறுபடி தொடவைத்திருக்கிறது. இன்ஸ்பெக்டரின் மாமனாரை யாரும் அதில் கட்டி அடிக்கவில்லை.

ஒரு ஸ்பேனர், ஒரு முடுக்கு. பல மாதமாகத் தேடிய பழுது போயே போய்விடும். டிரைவரின் கை தன்னால் பெட்டிக்குள் போனது.

"மாமா," என்றான் மச்சினன், கிழிந்த உதட்டை மெல்ல அசைத்து. "ஸ்பேனர எடுக்காதீங்க."

டிரைவர் பெட்டியை மூடினார்.

"என்னய்யா, கண்டுபிடிச்சியா?"

"இல்லைங்கய்யா. எப்பவும் போலத்தான்."

ஏட்டு தன் வைத்தியத்தைச் செய்தார். பெஞ்சில் நாலு அடி, எஞ்சின் கிளம்பியது. வண்டி நாலடி நகர்ந்ததும் மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு, நொறுங்கிய விரல்களோடு சங்கிலியை இழுத்தான். அணைந்தது. மறுபடி அடி, மறுபடி நகர்வு, மறுபடி இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் தொண்டையிலிருந்து வந்த முனகல் டிரைவரின் முதுகைக் குத்தியது. இன்னும் ஒரு தடவை இழுடா என்று அவர் மனசுக்குள் கெஞ்சினார்.

பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. எதிரே ஒரு லாரி, அதன் பின்னால் இன்னொரு பஸ். ஒதுங்க வழியில்லை. இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழியும் இல்லை. இன்ஸ்பெக்டரும் ஏட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளினார்கள். டிரைவர் ஒரு காலை பிரேக் மேல் லேசாக வைத்துக்கொண்டார். வியர்த்துக் கொட்டியதே தவிர வண்டி அசையவில்லை. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து கைகொடுக்க ஜனங்கள் இறங்கி வந்தார்கள். கண்டக்டர் அம்மா பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, யாருங்க இது? இப்படி ரத்தம் வடியுது!"

செல்போன்கள் உயர்ந்தன.

"எங்க மெக்கானிக்தான்மா" என்றார் இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்க. "வண்டிக்கு அடியில மாட்டிக்கிட்டாரு. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போறோம்."

"ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்ல இருக்கு?"

"வண்டி திரும்ப மாட்டேங்குது."

"அப்போ விலங்கு எதுக்கு?"

இன்ஸ்பெக்டர் ஒரு கணம்தான் தடுமாறினார். "சீட் பெல்ட் இல்லாத வண்டிம்மா. விழுந்துடக் கூடாதுல்ல?"

"குடுங்க, நாங்க பஸ்ஸுல கொண்டு போறோம்" என்றார் கண்டக்டர். அத்தனை செல்போன் பார்த்துக்கொண்டிருக்க, இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே விலங்கைத் திறந்துவிட்டார். நாலு பேர் மச்சினனைத் தாங்கிக் கொண்டுபோய் பஸ்ஸின் நீள சீட்டில் படுக்க வைத்தார்கள். பஸ் ரிவர்ஸிலேயே பாலத்தை விட்டு வெளியே போய், அகலமான இடத்தில் திரும்பி, ஊரைப் பார்க்க ஓடியது. அதன் பிறகு டிரைவர் சாவியைத் திருப்பினார். ஜீப் ஒரே முயற்சியில் கிளம்பியது. "சனியன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

விழா குறித்தபடி நடந்தது. ஒப்புக்கொண்டவர்களே ஜீப்பை மேடை வரைக்கும் தள்ளிவந்தார்கள். அந்த நல்ல காரியத்துக்காக அவர்களை அன்றைக்கே விடுதலை செய்தார்கள். கூட்டத்தின் தலைவன் தப்பி ஓடிவிட்டதாகக் கோப்பு முடிந்தது. ஏட்டு முன்பே எழுதியதில் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்திருந்தார்கள்.

பெரிய அதிகாரி பேசினார். "ஒரு ஜீப் நின்னதுக்காக இத்தனை பேரோட எலும்பை எண்ணின ஸ்டேஷன் வேற எங்கயாவது உண்டா? இதுதாங்க கடமை! இந்த வண்டியில பழுது இன்னியோட தீர்ந்துபோச்சு. இனிமே யாராவது இது நின்னுபோச்சுன்னு சொன்னா, அது வண்டி மேல சொல்ற குத்தமில்லை, இலாகா மேல சொல்ற குத்தம்!"

பலத்த கைதட்டல். பிறகு, பாலத்தில் சொன்ன பொய்யை நிஜமாக்குவதற்காக, கடமையில் காயம்பட்ட மெக்கானிக் என்று மச்சினனை மேடைக்கு அழைத்துப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். விரல்கள் மடங்காததால் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அதைப் பிடித்துக்கொண்டான். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். கீழே அவன் அக்கா கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இனிமேல் அவன் பல்ப் பிடிக்கப்போவதில்லை. ஆனால் உயிரோடு இருந்தான்.

ஜீப் இன்றைக்கும் திடீர் திடீரென்று நிற்கிறது. இன்ஸ்பெக்டரால் யாரையும் பிடிக்க முடியவில்லை. வழக்கு முடிந்து, பழுதே இல்லை என்று ஆன பிறகு எவனைப் பிடிப்பது? பின்பக்கம் ஆளைக் கட்டிக்கொண்டு குவாரிப் பக்கம் கிளம்பினால் பாலத்தைத் தாண்டுவதே இல்லை. அந்தப் பக்கம் போவதையே ஏறக்குறைய விட்டுவிட்டார்கள்.

"எவனோ வேணும்னே பண்றான்யா," என்று ஒரு நாள் நடுப்பாலத்தில் தொப்பியால் விசிறிக்கொண்டே சொன்னார் இன்ஸ்பெக்டர். அவருடைய உத்தியோக காலத்திலேயே முதல் தடவையாக அவருடைய சந்தேகம் சரியாக இருந்தது. "நம்ம கூடவே இருக்கிற எவனோதான்."

"இருக்கும்ங்கய்யா" என்றார் டிரைவர்.

தினமும் காலையில் வண்டியைத் துடைக்கும்போது அவர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, அந்த போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டுத்தான் சாப்பிடப் போவார். இப்போதெல்லாம் சோறு இறங்குகிறது.